1720: கண்டிச் சிறையும் ஆங்கில நாவலின் பிறப்பும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் ஆண்டுகளை நிரைப்படுத்தி, ஒவ்வோர் ஆண்டிற்கும் எதிரே நூற்பெயர்களைப் பொறித்துவைத்தல் வழக்கம். ஆங்கில இலக்கியத்தைப் பொறுத்தவரை, 1720-ஆம் ஆண்டிற்கு நேரே பெரும்பாலும் முதலிற் காணப்படுவது அலெக்சாந்தர் போப்பின் இலியட்டு மொழிபெயர்ப்பு நிறைவெய்திய செய்தியாகும். 1715-இல் முதற்றொகுதி கண்ட அப்பெருமுயற்சி ஆறு தொகுதிகளாக 1720-இல் முற்றுப்பெற்றது. அதே ஆண்டில் தென்கடற் கம்பனியின் பங்குகள் வானளாவ உயர்ந்து, சில திங்களிற் சரிந்து, இலண்டன் மாநகரிற் பலரை நடுத்தெருவில் நிறுத்தின. ஒருபுறத்தே பழங்காவியம் ஈரடிச் செய்யுளில் மெருகேறி நிற்க, மறுபுறத்தே கடனும் பங்கும் கணக்கேடுமே வாழ்வென்று கொண்ட ஒரு புதிய கூட்டம் தனக்குரிய இலக்கியத்தை உரைநடையிலே தேடிக்கொண்டிருந்தது.

அக்கூட்டத்திற்கு எழுதியவர் டானியல் டீபோ. வணிகத்தில் நொடித்தவர், கடனுக்காகவும் எழுத்துக்காகவும் சிறை கண்டவர், வயது அறுபதை அணுகிய பின்னரே நெடுங்கதை எழுதப் புகுந்தவர். 1719 ஏப்பிரலில் அவருடைய 'றொபின்சன் குறூசோ' வெளிவந்து, அவ்வாண்டிலேயே பல பதிப்புகளைக் கண்டது. அடுத்த ஆண்டாகிய 1720-இல், மே திங்களில் ஒரு குதிரைவீரனின் நினைவுக் குறிப்புகள் என்ற பெயரில் ஒரு நூலும், ஜூனிற் 'கப்டன் சிங்கிள்ற்றன்' என்னும் கடற்கொள்ளைக்காரன் கதையும், ஆகஸ்டிற் குறூசோவின் மூன்றாம் பாகமாகக் கருதத்தக்க சிந்தனைக் கட்டுரைகளும் வெளிவந்தன. இவற்றுள் எதனிலும் ஆசிரியர் பெயர் இல்லை. நடுவிலுள்ள நூலே ஈண்டு எமக்கு முதன்மையானது. ஏனெனில் அதனுள் கண்டி இராச்சியம் இருக்கின்றது. அந்நூல் கடைக்கு வந்த அதே ஜூன் திங்களிலே, அதனுட் கூறப்பட்ட கண்டிக் கைதி, றொபேட் நொக்ஸ் என்பார், எழுபத்தொன்பது வயதினராய் இங்கிலாந்திற் காலமானார்.

இத்தற்செயல் ஒற்றுமையை மாத்திரம் கூறி வியந்து நிற்றல் திறனாய்வாகாது. நொக்ஸின் வாழ்விலிருந்து டீபோ எதனை எடுத்தார், எதனை விடுத்தார், விடுத்ததனால் ஆங்கில நாவல் என்ன வடிவம் பெற்றது என்பனவே நாம் வினவ வேண்டியவை. கண்டிக்கு வடகிழக்கே பாததும்பறையில் வத்தேகமப் பக்கத்தே வாழ்வோராகிய நாம் இவ்வினாவை எழுப்புவதில் ஒரு நியாயமும் உண்டு. இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள குண்டசாலையிலே, 1720-இல், மதுரையிலிருந்து மணமகளிரை வருவித்த மன்னன் நரேந்திரசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்துகொண்டிருந்தான். இலண்டன் அச்சகமொன்றில் தன் நாட்டைப் பற்றிய கதையொன்று அச்சேறிக்கொண்டிருந்ததை அவன் அறிந்திருக்கமாட்டான்.

நொக்ஸின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 'ஆன்' என்னும் கப்பல் சோழமண்டலக் கரையிற் புயலால் பாய்மரம் இழந்து, பழுதுபார்க்கும்பொருட்டுத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவரும், அவர் மகனாகிய இளைய நொக்ஸும், மாலுமிகள் சிலரும் 1660-இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். (டீபோ பிறந்ததும் அவ்வாண்டளவிலேதான்.) கைதிகள் ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்டனர், ஊரார் முறைவைத்து அவர்களுக்கு உணவளிக்க வேண்டுமென்பது அரசன் ஆணை. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் நெடுங்காலம் குளிர்காய்ச்சலில் வாடினர். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். மகன் பின்னர் கம்பளைப் பக்கத்து லெகுந்தெனியவிலும், இறுதியாக எலதெத்தவிலும் குடியிருந்து, தொப்பி பின்னியும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், சில்லறைப் பொருள் சுமந்து விற்றும் வாழ்ந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலான சிறைவாழ்வின் முடிவில், ஸ்ரீவன் றட்லண்ட் என்ற தோழருடன் வடதிசை நோக்கி நடந்து, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் போக்கிலே காடு வழியாகச் சென்று, 1679 ஒக்டோபர் 18-ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681-இல் இலண்டனில் வெளிவந்தது. விஞ்ஞானி றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை வழங்கினார். அந்நூல் விரைவில் ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. வரம்பிலா முடியாட்சியின் கொடுமைக்குச் சான்று தேடிய ஜோன் லொக் என்னும் தத்துவஞானியும் தம் அரசியல் நூலில் இலங்கை பற்றிய இந்நூலைச் சுட்டினார். எனவே, 1720-இல் நொக்ஸ் கற்றோர் நன்கறிந்த பெயர்.

இனிச் 'சிங்கிள்ற்றன்' கதைக்கு வருவோம். அதன் நாயகன் குழந்தைப் பருவத்திலேயே களவாடப்பட்டு, கடலோடியாக வளர்ந்து, ஆபிரிக்கக் கண்டத்தைக் குறுக்கே நடந்து கடந்து, பின்னர் கொள்ளைக் கப்பலின் தலைவனாகின்றான். அவன் கப்பல் இலங்கைக் கரையில் இடருற்று நிற்கும்போது, கரையில் வெள்ளைக்கொடியுடன் மக்கள் தோன்றுகின்றனர். அவர்கள் சார்பிற் பேச வருபவன் ஓர் ஒல்லாந்தக் கிழவன். அவனும் நெடுநாட் கைதியே. கரையேறுங்கள், அரசன் உங்களை அன்புடன் பேணுவான் என்று அவன் அழைக்கின்றான். கப்பலிலுள்ள குவேக்கர் சமயத்தவனாகிய வில்லியம் அவ்வழைப்பின் உட்பொருளை உணர்ந்து, இனிய சொல்லாலேயே மறுத்து, முடிந்தால் நீ எங்களுடன் தப்பி வா என்று கிழவனைத் திருப்பி அழைக்கின்றான். இவ்வுரையாடல் நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. சிறைப்பட்டவனே பிறரைச் சிறைக்குள் அழைக்கும் அவலமும், அவன் தன் உள்ளத்தை வெளிவிட அஞ்சும் அச்சமும் அதில் நாடகமாய் விரிகின்றன. நொக்ஸின் தந்தை இனிய அழைப்புகளால் ஏமாந்து பிடிபட்ட வரலாற்றை டீபோ செரித்துக்கொண்டு புனைந்த இடம் இதுவேயெனலாம்.

ஆயின், இதனையடுத்து டீபோ செய்வது கலைஞன் செய்யத்தக்கதன்று. கதையை அப்படியே நிறுத்திவிட்டு, நொக்ஸ் என்ற பெயரையும் கூறி, அவருடைய சிறைவாழ்வையும் தப்பிச் சென்ற வழியையும் சில பக்கங்களிற் சுருக்கித் தந்துவிடுகின்றார். ஊர்ப்பெயர்கள் வருகின்றன, ஆறு வருகின்றது, அனுராதபுரம் வருகின்றது. கதையோ நகரவில்லை. பக்கக் கணக்கிற்கு எழுதும் பத்திரிகையாளன் தன் கத்தரிக்கோலை மறைக்கக்கூட முயலாத இடம் அது. அக்காலத்திற் பிறர் நூலை எடுத்தாளுதல் இன்றுபோற் குற்றமாகக் கருதப்படவில்லை என்பதனை மனங்கொண்டு, அறம்பற்றிய குறையை விட்டுவிடலாம். கலைபற்றிய குறை எஞ்சியே நிற்கும். நொக்ஸின் நான்கு பாகங்களுள் மூன்று நாட்டையும் அரசையும் மக்களையும் பற்றியன. அவற்றைத் தொடாது, நான்காம் பாகத்தை மாத்திரம் டீபோ நறுக்கி எடுத்தார். ஏழு மாதத்தில் விளையும் நெல்லிலிருந்து மூன்று மாதத்தில் விளையும் நெல் வரை ஐவகையைப் பெயர்சொல்லிப் பிரித்தறிந்தவர் நொக்ஸ். மழைக்காலத்து அட்டைகளை உதிர்க்க, எலுமிச்சையையும் உப்பையும் துணியில் முடிந்து கோலிற் கட்டிக் காலில் ஒற்றிக்கொண்டு நடப்பதை எழுதி வைத்தவர் அவர். (இப்பகுதியை வகுப்பில் வாசித்தபோது, மலைநாட்டு மாணாக்கர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அதுவரை அவர்களுக்கு நொக்ஸ் ஒரு பரீட்சைக் கேள்வி. அன்று அயலூர்க்காரர் ஆனார்.) இவையெல்லாம் 'சிங்கிள்ற்ற'னில் இல்லை. அங்கே கண்டி வெறும் பொறி. விழுந்தால் மீள முடியாத குழி.

பெயர் கூறி எடுத்த இடத்திற் கண்டி உயிரற்றுக் கிடக்க, பெயர் கூறாத இடத்திலேயே அது உயிருடன் இயங்குகின்றது என்பது எம் துணிபு. அவ்விடம் முந்திய ஆண்டின் நூலாகிய 'றொபின்சன் குறூசோ'. குறூசோவுக்கு மூலம் யார் என வினவின், எவரும் கூறும் விடை அலெக்சாந்தர் செல்கேக் என்பதே. தென்னமெரிக்காவுக்கு மேற்கே ஹுவான் பெர்னாண்டஸ் தீவில் நான்காண்டுகளுக்கு மேல் தனித்து வாழ்ந்து 1709-இல் மீட்கப்பட்ட அம்மாலுமியின் கதை 1712-இல் அச்சில் வந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது உண்மையே. தனித்தீவு என்னும் சட்டகம் செல்கேக்கினது எனக் கொள்வதில் எமக்குத் தடையில்லை. ஆயின், அச்சட்டகத்தினுள்ளே நிகழும் வாழ்வு யாருடையது? 1924-இல் டீபோவின் கதை முறையை ஆராய்ந்த ஆதர் சிகோட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் நொக்ஸின் பக்கம் விரல் காட்டினார். 2011-இல் கதரின் பிராங் என்பார் டீபோவையும் நொக்ஸையும் இணைத்து ஒரு தனிநூலே எழுதினார். இவர்கள் காட்டிய வழியிற் சில ஒப்புமைகளை நோக்குவாம்.

காய்ச்சலும் வேதநூலும் அவற்றுள் முதன்மையானவை. குறூசோ தீவிற் குளிர்காய்ச்சலால் நடுங்கி, மருந்தாகப் புகையிலை தேடிப் பெட்டியைத் திறக்கும்போது விவிலியத்தைக் காண்கின்றான். அன்றிலிருந்தே அவன் மனவரலாறு தொடங்குகின்றது. நொக்ஸ் வைத்திருந்த ஆங்கில நூல்கள் இரண்டே. அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து மனப்பாடஞ் செய்துவிட்டார். காய்ச்சலிற் கிடந்தெழுந்து தந்தையையும் இழந்த அவர், ஒருநாள் ஓடையில் தூண்டிலிட்டுக் கொண்டிருக்கையில், வழிப்போக்கனான ஒரு முதியவன் தன்னிடம் ஒரு புத்தகம் உண்டு, வாங்குவாயா என வினவினான். அஃது ஆங்கில விவிலியம்! கையிலுள்ள பணம் முழுவதையும் கொடுத்துவிடத் துடித்தவருக்கு, இறுதியில் அஃது ஒரு பின்னற்றொப்பியின் விலைக்குக் கிடைத்தது. இரு காட்சிகளையும் அடுத்தடுத்து வாசிப்போர்க்கு நொக்ஸின் காட்சியே மேலெனத் தோன்றும். குறூசோவின் விவிலியம் உடைந்த கப்பலிலிருந்து அவனே எடுத்துவந்த சொத்து. நொக்ஸினது, எழுத்தறியாத ஊரில் எழுத்தைத் தேடி வந்த அதிசயம். அதனிடையிலும் பேரம் இருக்கிறது, தொப்பி இருக்கிறது, இன்னொரு மனிதன் இருக்கின்றான்.

அடுத்தது பெண்ணில்லாத வீடு. குறூசோவின் தீவிற் பெண் இல்லை என்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். தனித்தீவு ஆதலின் அஃது இயல்பேயென விட்டுவிடுவர். எலதெத்தவில், இருபத்தைந்து லாரிக் காசுக்கு ஓலையெழுதி வாங்கிய நிலத்தில், நொக்ஸும் தோழர் மூவரும் வீடு கட்டியபோது ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்: மணம்புரிவோர் வெளியேற வேண்டும். சுற்றியிருந்த ஊர்களில் மற்றைய ஆங்கிலக் கைதிகள் சிங்களப் பெண்களை மணந்து குடும்பத்தராயினர். இந்நால்வரிலும் இருவர் பின்னர் அவ்வாறே பிரிந்தனர். நொக்ஸ் மணக்கவில்லை, மணந்தால் தப்பிச் செல்லும் எண்ணம் மெல்ல மடியும் என அஞ்சினார். மக்கள் நிறைந்த ஊரின் நடுவே, தம் விருப்பால் ஒரு தனித்தீவை நொக்ஸ் வேலியிட்டு ஆக்கிக்கொண்டார். டீபோ கண்டது அவ்வேலிக்குள் இருந்த தீவை. வேலிக்குப் புறத்தே இருந்த ஊரை அவர் கடலாக மாற்றிவிட்டார்.

கணக்கு எழுதும் மனப்பான்மையும் இருவர்க்கும் பொதுவே. 1957-இல் நாவலின் எழுச்சி பற்றி எழுதிய இயன் வாட், குறூசோவைப் பொருளியற் றனிமனிதனாக, வரவுசெலவு ஏட்டின் நாயகனாகக் கண்டார். அக்கருத்து பின்வந்தோரால் மிகவும் போற்றப்பட்டது. ஆயின், பணத்துக்குப் பயனேயில்லாத தீவிற் கணக்கெழுதுதல் ஒரு விந்தையே அன்றோ? நொக்ஸ் நெல்லை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டியிற் கடன் கொடுத்தார். கடன் வாங்கியவர்கள் அயலார். வயல் விளைந்ததும் களத்தில் நின்று அவர்களிடமே தண்ட வேண்டியிருந்தது. அங்கே கணக்கு என்பது உறவு. சில வேளை பகை. வாட் கூறும் தனிமனிதன் சந்தையிலேதான் தோன்றுகின்றான். டீபோவோ அவனைச் சந்தையிலிருந்து பிடுங்கித் தீவில் நட்டு, அங்கேயும் அவன் தழைத்தான் எனக் காட்டினார். இங்கிலாந்தின் வணிகக் குடிகள் அதனை விரும்பி வாசித்ததில் வியப்பில்லை. யாருக்கும் கடன்படாமல் செல்வனாகலாம் என்ற கனவு, தென்கடற் கம்பனி சரிவதற்கு முந்திய ஆண்டில் விலைபோகாதிருக்குமா?

ஒற்றுமைகளிலும் பார்க்க வேற்றுமைகளே எம்மை ஆழ்ந்து சிந்திக்கச் செய்வன. குறூசோவின் கதை தந்தை சொல்லைத் தட்டியதில் தொடங்குகின்றது. வீட்டிலிருந்து நடுத்தர வாழ்வு வாழ் எனத் தந்தை இரந்தும், மகன் கடலுக்கு ஓடுகின்றான். அதுவே தன் முதற் பாவம் எனப் பின்னர் வருந்துகின்றான். நொக்ஸ் செய்ததோ அதற்கு நேர்மாறானது. கொட்டியாரத்திற் பிடிபட்ட பின்னர், கப்பலுக்குச் செய்தி கொண்டுசெல்ல அவரை அனுப்பினர். கப்பல் ஏறிய இளைஞன் அவ்வாறே பாய்விரித்துச் சென்றிருக்கலாம், தடுப்பார் இல்லை. தந்தைக்குத் திரும்பி வருவதாக வாக்களித்திருந்தமையால், செய்தியைச் சொல்லிவிட்டு, தாமாகவே சிறைக்கு மீண்டார். பத்தொன்பதாண்டுச் சிறை அவ்வொரு படகுப் பயணத்தின் விலை. நம் மரபில் வந்த எவருக்கும் இந்நிகழ்ச்சி தந்தை சொற்படி காடேகிய காவிய நாயகனை நினைவூட்டாமற் போகாது. டீபோ இதனை அறியாதவரல்லர். நொக்ஸை வரிக்குவரி வாசித்தவர். அறிந்தும் எதிர்மறையாக்கினார். தந்தைக்காகச் சிறைபுகுந்த மகனைக் கொண்டு ஒரு காவியம் பாடலாம். தந்தையை விட்டோடிய மகனைக் கொண்டே நாவல் எழுத முடியும் என அவர் உணர்ந்திருக்க வேண்டும். எங்கள் மதிப்பீட்டில், ஆங்கில நாவலின் பிறப்புக்குறிப்பு இம்மாற்றத்திலேயே இருக்கின்றது. போப்பின் இலியட்டும் டீபோவின் கதைகளும் ஒரே காலத்தன என்பதன் பொருளும் இதனால் விளங்கும். இலியட்டின் முடிவில், முதிய தந்தை மகனின் உடலை வேண்டிப் பகைவன் பாசறைக்குச் செல்கின்றான்; அத்தகைய பந்தம் காவியத்தோடு ஒதுங்கி நின்றுவிட்டது.

தந்தையை அடக்கஞ்செய்த பகுதியையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். உதவி கேட்ட மகனுக்கு ஊரார் கொண்டுவந்தது மாடு கட்டும் ஒரு பெருங்கயிறு. கழுத்திற் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லென்றனர். நோயால் எழமுடியாத இளைஞன், தம்முடன் இருந்த கறுப்புச் சிறுவனை அனுப்பிக் கூலிக்கு ஆள்பிடித்துத் தந்தையைப் புதைத்தார். இதனை வாசித்துக் கண்டி மக்களைக் கொடியோர் எனத் தீர்ப்பிடுதல் எளிது. அந்நிய சாதியார் பிணத்தைத் தொடாமை அன்று இங்கும் எங்கும் இருந்த கட்டுப்பாடு. அதே ஊரார்தான் முறைவைத்துச் சோறும் கொண்டுவந்தனர். நொக்ஸின் சிறப்பு, இவ்விரண்டையும் ஒரே நடையில், ஒன்றை மற்றொன்றால் மறைக்காமல் எழுதியமையாகும். கயிறு தந்த கைகளும் சோறு தந்த கைகளும் ஒன்றேயென அவர் அறிந்திருந்தார். இவ்வறிவு குறூசோவுக்கு வாய்க்கவில்லை. அவனுக்கு மனிதர் ஒன்று நரமாமிசம் தின்போர், அன்றேல் தன் அடியார்.

மொழிபற்றிய வேற்றுமை இன்னும் கூர்மையானது. நொக்ஸ் சிங்களத்தைப் பழுதறக் கற்றார், கற்காவிடிற் சோறில்லை. தப்பியோடும் வழியில் அனுராதபுரத்தை அடைந்தபோது, அங்குள்ள தமிழர்க்குச் சிங்களம் தெரியாமையால் அவர் மொழியறிவு பயனற்றுப் போயிற்று; மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டியதாயிற்று. தமிழரைப் பற்றி அவர் எழுதிய சில வரிகளில் அச்சமே மிகுதி, பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவரோ என்று. எமக்கு அது பெருமை தரும் பகுதியன்று. ஆயினும் பேசும் மொழி மாறும் எல்லையை ஓடுகிறவனின் நடுக்கத்தோடு பதிந்த அரிய சான்று அது. குறூசோவோ, தன் தீவுக்கு வந்த அடிமைக்குத் தானே வெள்ளிக்கிழமையெனப் பெயரிட்டு, ஆங்கிலம் கற்பித்து, முதற்கண் கற்பித்த சொற்களுள் ஒன்றாகத் தன்னை எசமான் என அழைக்கச் செய்கின்றான். அவ்வடிமையின் மொழியில் ஒரு சொல்லேனும் கற்றதாகக் கதையில் இல்லை. 1681-இல் அயலார் மொழியைக் கற்றுப் பிழைத்த கைதி, 1719-இல் அயலானுக்குத் தன் மொழியைக் கற்பிக்கும் எசமானாகிவிட்டான். இடையே கழிந்தவை முப்பத்தெட்டு ஆண்டுகளே.

இதனால் நொக்ஸைப் புனிதராக்கிவிடல் ஆகாது. மீண்டுசென்ற பின் அவர் கிழக்கிந்தியக் கம்பனியிற் கப்பற்றலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கும் பயணத்திலும் ஈடுபட்டார். இருபதாண்டு கைதியாக இருந்தவன் அடிமை வாங்கக் கப்பலோட்டினான் என்பது மனித இயல்பின் கசப்பான உண்மை. இங்கே டீபோ நொக்ஸுக்கு மிக அண்மையில் நிற்கின்றார்: சலேத் துறைமுகத்தில் அடிமையாயிருந்து தப்பிய குறூசோ, தன்னுடன் தப்ப உதவிய சூரி என்னும் சிறுவனை அறுபது காசுக்கு விற்றுவிடுகின்றான், அடிமை பிடிக்கச் சென்ற பயணத்திலேதான் கப்பலுடைந்து தீவை அடைகின்றான். நொக்ஸின் பிற்கால வாழ்வை டீபோ அறிந்திருந்தாரா என்பதை வைத்து இவ்விடத்தின் வன்மையை அளக்க வேண்டியதில்லை. அக்காலத்து மனச்சான்றின் அளவே அது.

மூலநூல் தேடுவோர் ஓர் இடத்தில் நின்றுவிட வேண்டும். நொக்ஸை டீபோ பயன்படுத்தியமை 'சிங்கிள்ற்ற'னில் வெளிப்படை; 'குறூசோ'விலோ அஃது ஊகமே, வலிமையான ஊகம். 1720 ஆகஸ்டில் வெளிவந்த மூன்றாம் பாகத்தின் முன்னுரையில், இக்கதைக்குரிய மனிதர் உயிருடன் இருக்கிறார், நன்கு அறியப்பட்டவர் என்ற ஒரு கூற்று உண்டு. அம்மனிதர் நொக்ஸே எனக் கூற நா எழும். ஆயின் நொக்ஸ் ஜூனிலேயே மறைந்துவிட்டார். டீபோ தம்மையே குறித்தார் என்பதே பலர் கொள்ளும் பொருள். அதே நூலில், ஒரு வகைச் சிறையை வேறொரு வகைச் சிறையால் உருவகித்துக் காட்டுதல் தகும் என்ற கருத்தும் வருகின்றது. பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் கமு 1947-இல் தம் 'கொள்ளைநோய்' நாவலின் முகப்பில் அதனைப் பொறித்துக்கொண்டார். டீபோவின் சொந்தச் சிறைகள் இலண்டனிலிருந்தன. அவற்றை எழுதாமல் ஒரு தீவை எழுதினார். அத்தீவுக்குரிய மண்ணிற் சிறிது எலதெத்தவிலிருந்து போயிற்று என்ற அளவிலே நாம் அமைவோம். குறூசோ எங்கள் ஊர்க் கதை என மேடைகளில் முழங்குவது வீண்பெருமை. நொக்ஸின் நூலைக் கையிலெடுத்தால் இழப்பு எது, ஆக்கம் எது என்பது தெரியும்: உள்மனத்தைத் தனியே நிறுத்தி நோக்கும் கலை ஆங்கிலத்துக்குக் கிடைத்தது, அயலாரோடு பிழைக்கும் மனிதனின் கதை அக்கலையின் வாயிலிலேயே விடப்பட்டது.

குறூசோவின் சுருக்கப் பதிப்புகளைப் பள்ளிப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்திருக்கின்றனர். அவற்றில் எஞ்சுவது குடையும் ஆட்டுத்தோலும் மணலிற் பதிந்த காலடியும். அக்காலடியைக் கண்டு குறூசோ நடுங்கும் இடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், நொக்ஸ் காட்டிலே காலடி படாமல் ஆற்றுமணலில் நடக்க நேர்ந்த பகுதியையும் உடன்வைத்துக் கற்பித்தால் நன்று. ஒருவன் பிறன் அடியைக் கண்டு அஞ்சுகின்றான். மற்றவன் தன் அடியைப் பிறர் காண்பரோ என்று அஞ்சுகின்றான்.

நொக்ஸ் தம் நூலை 1681-இல் முடித்துவிட்டதாகக் கருதவில்லை. அச்சான பிரதியொன்றின் ஏடுகளுக்கிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, நினைவுக்கு வந்த கண்டிச் செய்திகளையெல்லாம் முதுமை வரையில் எழுதிச் சேர்த்தார். இரண்டாம் பதிப்பொன்று வருமென எதிர்பார்த்தார். 1720-இற் 'சிங்கிள்ற்றன்' வந்தது, அப்பதிப்பு வரவில்லை. அவர் எழுதிய தன்வரலாறு 1911-இல் அச்சேறியது. இடைத்தாள்களிலிருந்த திருத்தங்களும் சேர்க்கைகளும் அடங்கிய பதிப்பு, போலூஸ் என்பாரின் உழைப்பால், 1989-இல் வெளிவந்தது. அச்சிட்டு வெளியிட்ட இடம் தெகிவளை.